ஏட்டில் படித்ததும் திரையில் கண்டதும்

"படம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நூலில் உள்ளது போல் இல்லை."

புகழ்பெற்ற புதினம் ஒன்று திரைப்படமாகி வெளிவரும் போதெல்லாம் நம் இல்லங்களில் தவறாது வழங்கப்படும் தீர்ப்பு இது. நூலைப் படித்தவர் பெருமிதத்தோடு கூறுவார். படியாதவர் சற்றே நாணத்தோடு கேட்டுக்கொள்வார். நானும் ஒருமுறை இத்தீர்ப்பை உரத்த குரலில் வழங்கினேன். எட்டு மாதங்கள் செல்லுமுன் அதை நானே திரும்பப் பெறும்படி நேர்ந்தது. அந்தக் கதையை வாசக அன்பர்களுக்குச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. வயது எழுபதைக் கடந்தவன் தன் தவற்றை ஒப்புக்கொள்வது பெரிய தியாகமும் அன்று.

மணிரத்னம் அவர்கள் இயக்கிய 'பொன்னியின் செல்வன்' முதற்பாகம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் வெளியாயிற்று. கேளம்பாக்கத்திலிருந்து என் மகன், மருமகள், அப்போது ஒன்பதாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்த பேத்தி ஆகிய மூவரோடும் நானும் புறப்பட்டேன். திரையரங்கில் கால் வைத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நுழைவுச் சீட்டின் விலையையும், சோளப்பொரியின் விலையையும் கேட்டபோது, அக்காலத்தில் டூரிங் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த காசு நினைவுக்கு வந்தது. அதை இங்கே எழுதி யார் மனத்தையும் வருத்த விரும்பவில்லை.

படம் முடிவை நெருங்கியது. நடுக்கடலில் புயல், கப்பல் தத்தளிக்கிறது, இளவரசர் அருண்மொழிவர்மரும் வந்தியத்தேவனும் அலைகளுக்குள் மறைகிறார்கள். அவ்வேளையில் நரைத்த தலையுடன் ஒரு மாது, நாவலில் ஊமை ராணி என்று அழைக்கப்படுபவள், கடலுக்குள் பாய்கிறாள். முதற்பாகம் அங்கே நிற்கிறது. விளக்குகள் எரிந்தன. "கட்டுமரம் எங்கே?" என்று கேட்டேன், முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

"எந்தக் கட்டுமரம், தாத்தா?" என்றாள் பேத்தி.

"பூங்குழலி கட்டுமரத்தில் வந்து அவர்களைக் காப்பாற்றுவாள். நூலில் அப்படித்தான் இருக்கிறது. இந்தச் சினிமாக்காரர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள்."

வீடு திரும்பும் வரையில் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். பூங்குழலியின் வீரச் செயலைப் பிடுங்கி வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்களே என்ற ஆத்திரம் எனக்கு. என் மகன் சமாதானம் சொல்லிப் பார்த்தான். மருமகள் மட்டும், "மாமா, படம் படந்தானே" என்று மெல்லச் சொன்னாள். அவள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றவள். அவளைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

என் உறுதிக்குக் காரணம் உண்டு. 'பொன்னியின் செல்வன்' 1950-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் 'கல்கி' வார இதழில் தொடங்கி 1954 வரையில் வெளிவந்தது. அது முடிந்த அதே ஆண்டு டிசம்பரில் அதன் ஆசிரியர் கல்கி கிருஷ்ணமூர்த்தி அவர்களும் மறைந்தார். அவ்வாண்டுகளில் என் தாயார் புதிதாக மணமாகிக் கேளம்பாக்கத்துக்கு வந்திருந்தார். இன்று கணினி நிறுவனங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நெருங்கி நிற்கும் இவ்வூர் அன்று உப்பளங்களின் ஊர். வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்களும், உப்பங்கழியும், பனைமரங்களும், ஒற்றைச் சாலையுந்தான் இங்கு உண்டு. சென்னைக்குப் போகிறவர் எவரேனும் மறவாமல் வாங்கி வந்தால்தான் வார இதழ் வீட்டுக்கு வரும். தாயார் இதழைப் படித்தபின் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கவனமாகப் பிரித்தெடுத்து, கோணி ஊசியும் நூலும் கொண்டு தைத்து வைப்பார். பாகம் முடிந்ததும் அட்டை போட்டுக் கட்டடம் செய்வது தந்தையார் பொறுப்பு. ஓவியர் மணியம் வரைந்த சித்திரங்களோடு கூடிய அந்தத் தொகுதிகள் எங்கள் வீட்டில் வேதாகமத்துக்கு அடுத்த தட்டில் இருந்தன. தமிழ்நாட்டில் அந்நாளில் எத்தனை ஆயிரம் வீடுகளில் இந்தத் திருப்பணி நடந்திருக்கும்!

நான் 1952-இல் பிறந்தவன். எனக்குப் பத்து வயதாகும்போது, அரிக்கேன் விளக்கின் ஒளியில், இரவு செபம் முடிந்தபின், தாயார் எங்களுக்கு அத்தொகுதிகளைப் படித்துக் காட்டுவார். நாளொன்றுக்கு ஓர் அத்தியாயம். பரீட்சைக் காலத்தில் அதுவும் கிடையாது. வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வரும் முதற்காட்சியைக் கேட்டுவிட்டு, எங்கள் உப்பங்கழிக் கரையில் தென்னை மட்டையைக் குதிரையாக்கி நான் ஓடியதுண்டு. (அந்த வீராணத்து ஏரியின் நீர் 2004 முதல் சென்னை மக்களின் வீட்டுக் குழாய்க்கு வருகிறது என்பதை இன்றைய இளைஞர்களுக்கு நினைவூட்டலாம்.) புயற்கட்டம் வந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று தாயார் புத்தகத்தை மடியில் மூடி வைத்துக்கொண்டே கதையைச் சொன்னார். மனப்பாடமாகத் தெரிந்ததால் மூடிவிட்டார் என்று நாங்கள் வியந்தோம். "படகு என்றால் அந்தக் காற்றில் கவிழ்ந்திருக்கும். பூங்குழலி கட்டுமரத்தில் அல்லவா வந்தாள்! கட்டுமரத்துக்குள் தண்ணீர் தங்காது, கட்டைக்குக் கட்டை இடைவெளி இருக்கிறது, அலை மேலே ஏறும், கீழே வழிந்துவிடும், கட்டை மிதந்துகொண்டே இருக்கும்" என்று அவர் கையை அலைபோல் அசைத்துக் காட்டியது இன்றும் கண்முன் நிற்கிறது.

ஆகவே நான் அந்நூலை அச்சுப் புத்தகமாக வாங்கிப் படித்ததே இல்லை. தாயாரின் வாயால் முழுவதும் கேட்டவனுக்கு அது எதற்கு? நான் கணக்கு ஆசிரியனாகப் பணியாற்றியவன். பிற்காலத்தில் கதை படிக்கும் வழக்கமும் குறைந்துவிட்டது. தைத்த தொகுதிகள் முடிச்சூரில் என் தங்கை வீட்டில் இருந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்று நீர் அப்பகுதிக்குள் புகுந்தபோது, கட்டில் மெத்தைகளோடு அவையும் போயின. தங்கை தொலைபேசியில் அழுதது மெத்தைக்காக அன்று.

இங்கே சற்று நின்று, புதினங்கள் திரைப்படமாகும் விதத்தைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். என் ஆத்திரம் எனக்கு மட்டும் உரியது அன்று. நம் வீடுகளில் அது பரம்பரையாக வருவது.

தமிழ்ப் படவுலகம் புதினங்களை நெடுங்காலமாகத் தேடி வந்துள்ளது. கல்கியின் 'பார்த்திபன் கனவு' 1960-இல் ஜெமினி கணேசன், வைஜயந்திமாலா, ரங்கா ராவ் ஆகியோர் நடித்து வெளிவந்தது. 'பொன்னியின் செல்வ'னை எடுக்க எம்.ஜி.ஆர். 1950-களின் இறுதியிலேயே உரிமை பெற்று அறிவிப்பும் செய்தார், அது நிறைவேறவில்லை. பின்னர் கமலஹாசனும் முயன்றார். இடையில் 1999-இல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் மேஜிக் லாண்டர்ன் குழுவினர் அதை மேடை நாடகமாக நடத்திக் காட்டினர். அந்நாடகத்தை எழுதிய இளங்கோ குமரவேல் அவர்களே திரைக்கதையிலும் பங்கு கொண்டார். ஐந்து பாகங்களில் இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல் விரியும் கதையை, இரண்டே முக்கால் மணி நேரப் படங்கள் இரண்டில் அடக்குவதற்கு எத்தனை கத்தரிக்கோல் வேண்டியிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். மணிமேகலை என்ற பேதைப் பெண், நூலைப் படித்தோர் எவரும் கண்ணீரின்றி மூடமுடியாத இறுதிப் பக்கங்களுக்கு உரியவள், படத்தில் இல்லவே இல்லை. சேந்தன் அமுதனின் பிறப்பு இரகசியமும் இல்லை. இதை நான் இன்றும் குறையென்றே கருதுகிறேன்.

நான் அறிந்தவற்றுள் நம்மவர்க்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு 'ஏழை படும் பாடு'. பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ 1862-இல் வெளியிட்ட பெரும் புதினத்தைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் அப்பெயரில் தமிழாக்கினார். 1950-இல் பட்சிராஜா நிறுவனத்தார் அதையே கே. ராம்நாத் இயக்கத்தில் படமாக்கினர். நாகையா கதாநாயகர். அவரைத் துரத்தும் காவல் அதிகாரி ஜாவர் வேடத்தில் நடித்த சீதாராமன், வாழ்நாள் முழுவதும் 'ஜாவர்' சீதாராமன் என்றே அழைக்கப்பட்டார். ஒரு பிரெஞ்சுப் பெயர் தமிழர் ஒருவருக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்ட விந்தை இது! படம் பார்க்க எளிதில் இசையாத என் தந்தையார், "அதில் மேற்றிராணியார் வருகிறார்" என்று தாயார் சொன்ன பிறகே இசைந்தாராம். சிறையிலிருந்து வந்தவன் வெள்ளிப் பொருள்களைத் திருடிச் செல்ல, பிடிபட்டவனைக் காவலரிடமிருந்து ஆயர் பொய்யன்பின்றிக் காப்பாற்றும் அந்தக் கட்டத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேசாத ஆண்டு கிடையாது.

ஆனால் பிற்காலத்தில் ஹியூகோவின் நூலைப் பார்த்தபோது நான் வியந்தது வேறொன்று. கதாநாயகன் தலைகாட்டுவதற்கு முன்னரே அவ்வாயரைப் பற்றி முழுதாகப் பதினான்கு அத்தியாயங்கள் உள்ளன. அவர் பதவியேற்ற சில நாள்களிலேயே தம் அரண்மனையை இடநெருக்கடியில் தவித்த மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டு, அந்தச் சிறு கட்டடத்துக்குத் தாம் குடிபெயர்கிறார். 15,000 பிராங்கு ஊதியத்தில் தமக்கென ஆயிரத்தை வைத்துக்கொண்டு எஞ்சியதை அறச் செலவுகளுக்கு எழுதிவிடுகிறார். இவற்றையெல்லாம் படித்துவிட்டு வருகிறவனுக்கு, வெள்ளி விளக்குத் தண்டுகளையும் அவர் திருடனிடம் சேர்த்துக் கொடுக்கும்போது ஆச்சரியம் தோன்றுவதில்லை; இவர் இதைத்தான் செய்வார் என்று அறிந்திருக்கிறான். திரைப்படத்துக்கு அத்தனை பொறுமை கிடையாது. அங்கே மன்னிப்பு மின்னலைப் போல் திடீரென்று வந்து விழுகிறது. திருடன் திகைப்பதைப் போலவே நாமும் திகைக்கிறோம். நூலில் நாம் ஆயரின் பக்கத்தில் நிற்கிறோம். படத்தில் திருடனின் பக்கத்தில் நிற்கிறோம். எது மேல் என்று கேட்டால் எனக்கு விடை தெரியாது. இரண்டையும் பெற்றவன் பேறு பெற்றவன்.

திரையால் மட்டுமே தரக்கூடியதும் உண்டு. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற புனைபெயரில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' 1950-களில் 'ஆனந்த விகட'னில் கோபுலுவின் சித்திரங்களோடு தொடராக வந்தது. வாசகர்கள் சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாதசுரத்தை வாரந்தோறும் படித்தார்கள்; ஒருவரும் கேட்கவில்லை. 1968-இல் ஏ.பி. நாகராஜன் அதைப் படமாக்கியபோது, மதுரைச் சகோதரர்களான சேதுராமன், பொன்னுசாமி ஆகியோரின் நாதசுரம் அரங்கை நிறைத்தது. சிவாஜி கணேசனின் கன்னங்களும் விரல்களும் அந்த இசையோடு இயைந்த திறத்தை இன்றும் பேசுகிறோம். எத்தனை பக்கம் எழுதினாலும் மையால் ஊத முடியாதது அது.

என் மருமகளின் ஆர்வம் வேறு திசையில். ஜேன் ஆஸ்டின் என்ற ஆங்கில எழுத்தாளரின் கதைகளை பி.பி.சி. நிறுவனத்தார் தொடராக எடுத்தவற்றை அவள் ஆண்டுக்கொரு முறையேனும் பார்த்துவிடுவாள். 1995-இல் ஆறு பகுதிகளாக வெளிவந்த 'பிரைடு அண்டு பிரெஜுடிஸ்' தொடரில், கதாநாயகர் குளத்தில் குதித்து நனைந்த சட்டையோடு எழுந்து வரும் காட்சி உலகப் புகழ் பெற்றது. "அது நூலில் இல்லவே இல்லை, மாமா! ஆனால் நூலைப் படித்தவர்களுங்கூட இப்போது இருப்பதாகவே நினைக்கிறார்கள்" என்று சொல்லிச் சிரித்தாள். அப்போது அச்சிரிப்பின் பொருள் எனக்கு விளங்கவில்லை. அதே ஆசிரியையின் 1811-ஆம் ஆண்டுப் புதினம் ஒன்றை ராஜீவ் மேனன் 2000-இல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' என்று நம் செட்டிநாட்டுக்குக் கொண்டுவந்தார். ஆங்கில நாட்டுப் படைத்தலைவர், இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதிப்படையில் காலிழந்த மேஜராக மாறினார். சொத்து கைவிட்டுப் போக, வீட்டை விட்டு வெளியேறும் தாயும் பெண்களும் மட்டும் மாறவில்லை. அந்தத் துயரம் எல்லா நாட்டுக்கும் பொது.

இனி என் பேத்தியின் கதைக்கு வருகிறேன்.

அவள் ஆங்கில வழியில் பயின்றவள். இரண்டாம் மொழி பிரெஞ்சு. ஹியூகோவின் ஆயர் கதையைச் சுருக்கமாகப் பாடப் புத்தகத்தில் பிரெஞ்சிலேயே படித்திருக்கிறாள். தமிழோ, பேருந்துப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுதான். வீட்டில் தமிழ் பேசுகிறோம், ஆலயத்தில் தமிழில் பாடுகிறோம், ஆகவே தமிழ் எங்கே போய்விடும் என்று நாங்கள் இருந்துவிட்டோம். அவளுடைய கொள்ளுப்பாட்டி கோணி ஊசியால் தைத்து வைத்த எழுத்தை அவளால் படிக்க முடியாது என்பது அன்று திரையரங்கிலிருந்து திரும்பிய இரவுதான் எனக்கு முதன்முறையாக உறைத்தது. "நூலில் அப்படித்தான் இருக்கிறது" என்று நான் அழுத்தமாகச் சொன்னபோது, "அப்படியானால் எனக்குக் காட்டுங்கள், தாத்தா" என்று கேட்டாள். காட்ட என்னிடம் நூல் இல்லை. இருந்திருந்தாலும் அவளால் படிக்க முடிந்திராது. இருவரும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம்.

கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமையாக்கப்பட்டன. அதனால் பல பதிப்பகத்தார் மலிவு விலையில் வெளியிடுகிறார்கள். மறுவாரமே ஐந்து பாகங்களும் வீட்டுக்கு வந்தன. என்னைப் படித்துக் காட்டச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ தானே படிப்பதாகக் கூறினாள். முதல் நாள் ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. 'ழ'கரமும் 'ள'கரமும் அவளைப் படுத்திய பாடு ஹியூகோவின் ஏழை பட்ட பாட்டுக்குக் குறைந்ததன்று. ஒரு மாதத்தில் பக்கத்துக்குப் பத்து நிமிடமாயிற்று. படத்தில் முகம் பார்த்து வைத்திருந்ததால், யார் யார் என்ற குழப்பம் அவளுக்கு இல்லை. குந்தவை என்றதும் ஒரு முகம், நந்தினி என்றதும் ஒரு முகம். அம்முகங்களைப் பற்றிக்கொண்டு எழுத்துகளைக் கடந்தாள். புதினத்தைப் படமாக்கினால் வாசகனின் கற்பனை முகங்கள் அழிந்துபோகும் என்று சொல்வதுண்டு. உண்மைதான், என் மனத்து நந்தினியை ஐஸ்வர்யா ராய் இடம்பெயர்த்துவிட்டார். ஆனால் கற்பனை முகமே இல்லாத ஒரு குழந்தைக்கு அது கைப்பிடிச் சுவராகவும் நிற்கும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

இரண்டாம் பாகத் திரைப்படம் 2023 ஏப்ரல் 28-இல் வெளிவந்தது. அதையும் பார்த்தோம். மே மாத விடுமுறையில் ஒரு நண்பகல், அவள் 'சுழற்காற்று' என்னும் இரண்டாம் பாகத்தின் இறுதி அத்தியாயங்களை முடித்துவிட்டு, புத்தகத்தோடு என் முன் வந்து நின்றாள். முகத்தில் வெற்றியும் இல்லை, கேலியும் இல்லை, ஒருவகைக் கவலையே இருந்தது.

"தாத்தா, கட்டுமரம் இல்லை."

வாங்கிப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். பூங்குழலி வருகிறாள், இருவரையும் காப்பாற்றுகிறாள், எல்லாம் உண்மை. ஆனால் அவள் வருவது படகில். காற்றில் கவிழ்ந்திருக்கும் என்று தாயார் அடித்துச் சொன்ன அதே படகில். நூலுக்கு மாறாக நடந்துவிட்டது என்று இரண்டு படங்களுக்கும் இடைப்பட்ட காலமெல்லாம் நான் கண்டவரிடம் முழங்கிய கட்டுமரம், கல்கியின் நூலில் எங்கும் இல்லை.

அன்று மாலையே தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவள் சிறிதும் வியப்படையவில்லை. "அண்ணா, உனக்குத் தெரியாதா? அந்த இடத்தில் அம்மாவின் புத்தகத்தில் பக்கங்களே கிடையாது. நீ பிறந்தபோது அம்மா பிரசவத்துக்குப் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தார்கள். அந்தச் சில வாரத்து இதழ்களை யாரும் எடுத்து வைக்கவில்லை. திரும்பி வந்ததும், கோவளத்திலிருந்து கூடை மீன் கொண்டுவருவாரே ஒரு பாட்டி, அவரிடந்தான் அம்மா கதையைச் சொல்லி, 'அந்தப் பெண் எப்படிக் காப்பாற்றியிருப்பாள்' என்று கேட்டார்களாம். அவர்தான், 'படகு தாங்காது, கட்டுமரந்தான் தாங்கும்' என்றாராம்."

எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. அந்த இரவு தாயார் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டது எதற்கென்று அறுபது ஆண்டுகளுக்குப் பின் விளங்கிற்று. நான் பிறந்ததால் விழுந்த இடைவெளியை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மீன்காரப் பாட்டி தம் கடலறிவால் நிரப்பியிருக்கிறார். கல்கியைத் திருத்திய முதல் ஆள் மணிரத்னம் அல்லர்!

இதைக் கேட்ட மருமகள், கல்கியே அப்படித்தானே செய்தார் என்றாள். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளென ரவிதாசன் முதலானோரைக் குறித்து, அவர்களுக்கும் உறவினர்க்கும் உரிய நிலங்களைப் பறிப்பது பற்றி அது பேசுகிறது. ஏன் கொன்றார்கள், எப்படிக் கொன்றார்கள் என்பதற்கு அந்தக் கல்லில் விடையில்லை. அந்த இடைவெளிக்குள்தான் கல்கி நந்தினியை நிறுத்தினார்; ஊமை ராணியை நிறுத்தினார்; கோடிக்கரையில் பூங்குழலியை நிறுத்தினார். கல்வெட்டில் இல்லையே என்று அவர்மீது நாம் எவரும் குறை கூறியதில்லை. எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்தில் சேரக்கூடிய மாமல்லபுரக் கடற்கரை மணலில், ரசிகமணி டி.கே.சி.யுடன் அமர்ந்திருந்தபோதுதான் 'சிவகாமியின் சபதம்' தம் உள்ளத்தில் உருவாகத் தொடங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். அங்கேயும் கல்தான் பேசாமல் நின்றது. பேச வைத்தவர் அவர்.

அதற்குப் பிறகு நான் படங்களை மன்னித்துவிட்டேன் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். மணிமேகலையை நீக்கியதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் படத்துக்குப் போகும்போது நூலைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி சரிபார்க்கும் கணக்கு ஆசிரியனை இப்போது வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். கேள்வியையும் மாற்றிக்கொண்டேன். "ஏன் மாற்றினார்கள்?" என்று இரண்டு பேர் உட்கார்ந்து பேசத் தொடங்கினால் ஒரு மாலைப்பொழுது இனிதே கழிகிறது. படத்தில் புயலிலிருந்து காப்பாற்றப் பாய்கிறவள் ஊமை ராணியாக ஏன் இருக்க வேண்டும்? இளவரசரைச் சிறு வயதில் பொன்னி நதியில் காத்தவள் அவளே. முதற்பாகம் முடியும் இடத்தில் நந்தினியின் முகச்சாயலை நமக்குக் காட்டி, இவள் யார் என்ற வினாவை ஏழு மாதங்கள் நம் மனத்தில் விட்டுவைக்கவும் வேண்டும். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் என் பேத்தி. எனக்குத் தோன்றவில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை அவளையும் அழைத்துக்கொண்டு கோவளம் சென்றேன். கார்மேல் அன்னை ஆலயத்தில் சற்று நேரம் இருந்துவிட்டுக் கடற்கரைக்கு இறங்கினோம். கரையில் இழைக்கண்ணாடிப் படகுகள் வரிசையாக நின்றன. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் எங்கள் வழக்கை வைத்தேன். பெரும் புயலில் நடுக்கடலில் இருவர் தத்தளிக்கிறார்கள். காப்பாற்றப் போகிறவள் ஒருத்தி. படகில் போவாளா, கட்டுமரத்தில் போவாளா?

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டார்.

"அந்தக் காத்துல எதுலயும் போகக்கூடாது, வாத்தியாரே. அனுபவப்பட்டவன் எவனும் போகமாட்டான்."

பிறகு வலையைக் கீழே வைத்துவிட்டு என் பேத்தியைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு போனாளா, பாப்பா?"

பேத்தி மணலில் அவர் எதிரே உட்கார்ந்து, கோடிக்கரையிலிருந்து தொடங்கினாள்.